இளவரசருக்குச் சங்கொலி, நாடகத்துக்குப் பூட்டு: கொல்கத்தாவின் அரச குடும்ப மோகம் ஈன்ற 141 ஆண்டுச் சட்டம்

கொல்கத்தா: தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தினர், ஊரிலிருந்து வந்த விருந்தினரை விக்டோரியா நினைவகத்துக்கு அழைத்துச் செல்ல விரும்பினால், காளிகாட் மெட்ரோ நிலையத்தில் ரயிலேறி மூன்றாவது நிலையத்தில் இறங்கினால் போதும். முதலில் வருவது ஜதின் தாஸ் பார்க். லாகூர் சிறையில் 63 நாள்கள் உண்ணாவிரதமிருந்து 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்நீத்த இளைஞரின் பெயர் அது. அடுத்தது நேதாஜி பவன். 1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் ஆங்கிலேயரின் வீட்டுக்காவலிலிருந்து தப்பிச் சென்ற இல்லத்தின் பெயர். மூன்றாவது ரவீந்திர சதன். அங்கு இறங்கி நடந்தால் விக்டோரியா மகாராணி வெண்பளிங்கு மாளிகையின் முன் அமர்ந்திருப்பார். பேரரசியைக் காணச் செல்பவர், பேரரசை எதிர்த்த இருவரின் பெயர்களைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது.

பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் மீது இந்தியர்கள் கொண்டுள்ள ஈர்ப்பு அவ்வப்போது செய்தியாவது வழக்கம். 2022 செப்டம்பர் 8 அன்று இரண்டாம் எலிசபெத் காலமானபோது இந்தியா செப்டம்பர் 11-ஐ அரசுமுறைத் துக்க நாளாக அனுசரித்தது. 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது மும்பை டப்பாவாலாக்கள் புனே தலைப்பாகையைப் பரிசாக அனுப்பினர். இவற்றைக் கண்டு சிலர் நெகிழ்வதும் சிலர் எரிச்சலடைவதும் புதிதல்ல. ஆனால் இந்த ஈர்ப்பு ஒருமுறை கொல்கத்தாவின் ஒரு வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்து நாடக மேடைக்குச் சென்று, கடைசியில் நாடு முழுவதற்குமான ஒரு தணிக்கைச் சட்டமாக மாறியது. அந்தச் சட்டம் தமிழ் நாடக மேடை வரை நீண்டது. லேக் மார்க்கெட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பவானிப்பூரில்தான் அது தொடங்கியது.

ராணி வேறு, அதிகாரி வேறு

முதலில் இந்த ஈர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1857 எழுச்சி ஒடுக்கப்பட்ட பின், கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சி நேரடியாக முடியரசின் கைக்கு மாறியது. 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியாவின் பெயரால் வெளியான அறிக்கை, இந்தியர்களின் மதங்களில் தலையிடுவதில்லை என்றும், இனமோ சமயமோ பாராமல் தகுதியுடையோருக்கு அரசுப் பணிகள் வழங்கப்படும் என்றும் உறுதி கூறியது. வாக்குறுதி பெருமளவில் ஏட்டளவிலேயே நின்றது. ஆயினும் ஆங்கிலம் படித்த இந்தியர்கள் அதைத் தங்கள் உரிமைச் சாசனமாகவே கொண்டனர். மனு எழுதும்போதெல்லாம் அதை மேற்கோள் காட்டினர்.

இதன் விளைவாக ஒரு நம்பிக்கை வேரூன்றியது. ராணி நீதியானவர், கொடுமை செய்பவர்கள் இடையிலுள்ள அதிகாரிகள் என்பதே அது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்கமாட்டார் என்ற நம் பழமொழி அப்படியே பொருந்தும் மனநிலை. 1885-ல் மும்பையில் நடந்த காங்கிரஸின் முதல் மாநாடு, மகாராணிக்கு வாழ்த்தொலி எழுப்பியே நிறைவடைந்தது.

அந்த ராணி இந்திய மண்ணில் ஒருநாளும் கால்வைத்ததில்லை. ஆக்ராவிலிருந்து 1887-ல் பணிக்குச் சென்ற அப்துல் கரீமிடம் முதிய வயதில் இந்துஸ்தானி கற்றுக்கொண்டார், அவ்வளவே. காணாத ஒருவர் மீது வளரும் பற்றுக்கு ஒரு வசதி உண்டு: அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வாய்ப்பதில்லை. தாய் வராத நிலையில் மகன் வந்தார்.

பவானிப்பூரில் ஒரு நாள்

பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டு, 1875 நவம்பரில் மும்பையில் வந்திறங்கினார். இலங்கை சென்று, தூத்துக்குடி, மதுரை, திருச்சி வழியாகச் சென்னைக்கு வந்தார். டிசம்பரில் சென்னைத் துறைமுகத்துக்கான நினைவுக்கல்லை நாட்டினார். கிறிஸ்துமஸுக்கு முன்பாக, அன்றைய தலைநகரான கல்கத்தாவை அடைந்தார்.

விருந்துகளும் வாணவேடிக்கைகளும் முடிந்த நிலையில், இந்திய இல்லம் ஒன்றின் உட்புறத்தைக் காண இளவரசர் விரும்பினார். உயர்குல வங்காளி இல்லங்களில் பெண்கள் வாழ்ந்த அந்தப்புரத்துக்குள் வெளி ஆடவர் நுழைய முடியாத காலம் அது. பவானிப்பூரில் வசித்த ஜகதானந்த முகர்ஜி முன்வந்தார். உயர்நீதிமன்ற வழக்கறிஞரான அவர், அரசுத் தரப்பு இளைய வழக்கறிஞராகவும் வங்காளச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1876 ஜனவரி 3 அன்று இளவரசர் அவரது இல்லத்துக்குச் சென்றார். வீட்டுப் பெண்கள் சங்கூதி, குலவையிட்டு, வங்காள மரபுப்படி அவரை வரவேற்றனர்.

மறுநாள் முதல் நகரம் வேறொன்றும் பேசவில்லை. ஜகதானந்தர் பட்டத்துக்காகவும் பதவிக்காகவும் குடும்ப மானத்தை விலைபேசிவிட்டார் என்று பத்திரிகைகள் சாடின. கவிஞர் ஹேமச்சந்திர பந்தோபாத்யாய் 'பாஜிமாத்' என்ற அங்கதக் கவிதையை எழுதினார். பிறகு விஷயம் மேடையேறியது.

கிரேட் நேஷனல் தியேட்டர் 1876 பிப்ரவரி 19 அன்று 'கஜதானந்தனும் இளவரசரும்' என்ற பிரகசனத்தை அரங்கேற்றியது. ஜகதானந்தன் கஜதானந்தன் ஆனதில் மறைபொருள் எதுவும் இல்லை. உள்ளூர்ப் பிரமுகரோடு இளவரசரும் சேர்ந்தே கேலிக்குள்ளானார். காவல்துறை தடை விதித்தது. நாடகக் குழு 'அனுமன் சரித்திரம்' என்று பெயரை மாற்றி மீண்டும் நடத்தியது. அதுவும் தடுக்கப்பட்டதும், காவல்துறையையே பகடி செய்து ஒரு சிறு நாடகத்தைப் போட்டது. அப்போதைய காவல் ஆணையரின் பெயர் ஹாக், கண்காணிப்பாளரின் பெயர் லேம்ப். ஆங்கிலத்தில் பன்றியையும் ஆட்டுக்குட்டியையும் நினைவூட்டும் இப்பெயர்களை வைத்து, 'பன்றி, ஆட்டுக் காவல்துறை' என்று பொருள்படும் தலைப்பை அதற்குச் சூட்டியிருந்தனர்.

வைஸ்ராய் நார்த்புரூக் பிப்ரவரி 29 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்தார். மார்ச் 4 அன்று காவல்துறை அரங்குக்குள் நுழைந்து இயக்குநர் உபேந்திரநாத் தாஸ், மேலாளர் அம்ருதலால் பாசு உள்ளிட்டோரைக் கைது செய்தது. வழக்கு இளவரசர் நாடகத்தின் மீது தொடுக்கப்படவில்லை. 'சுரேந்திர வினோதினி' என்ற வேறொரு நாடகம் ஆபாசமானது என்பதே குற்றச்சாட்டு. அரச அவமதிப்பு என்று வழக்குத் தொடுத்தால் இளவரசரைப் பற்றிய கேலி முழுவதும் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டிருக்கும். இருவருக்கும் ஒரு மாத வெறுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

இந்த நிகழ்வை வெறும் கருத்துச் சுதந்திரப் போராட்டமாக மட்டும் படிப்பது எளிது. முழு உண்மை ஆகாது. அந்த அங்கதத்தின் சீற்றத்தில் பாதி, பெண்கள் அந்நியர் முன் வந்து நின்றதைக் குறித்தது. முகஸ்துதி செய்த ஆணைக் கேலி செய்தவர்கள், வரவேற்பளித்த பெண்களையும் சேர்த்தே மேடையில் நிறுத்தினர். ஆனால் அரசு தடை செய்தது அந்தக் காரணத்துக்காக அல்ல.

சட்டம் சொன்னது என்ன?

நீதிமன்றத்தில் ஏற்பட்ட பின்னடைவை அரசு சட்டத்தால் சரிசெய்தது. 1876 டிசம்பரில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நிறைவேறியது. அவதூறானது, அரசின் மீது வெறுப்பைத் தூண்டக்கூடியது, பார்வையாளரின் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியது என்று அரசு கருதும் எந்த நாடகத்தையும் அது தடை செய்யலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். அரங்குக்குள் நுழைந்து ஆட்களைக் கைது செய்யவும், உடை, அரங்கப் பொருள்களைப் பறிமுதல் செய்யவும் காவல்துறைக்கு அதிகாரம் தரப்பட்டது. நாடகம் குற்றமுடையதா என்பதை நீதிபதி முடிவு செய்யத் தேவையில்லை, அரசு கருதினாலே போதும் என்பதுதான் அதன் கூர்முனை.

இந்தச் சட்டத்துக்கு இளவரசர் விவகாரம் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. அவுரித் தோட்ட முதலாளிகளையும் தேயிலைத் தோட்டங்களையும் தோலுரித்த வங்காள நாடகங்கள் மீது ஆட்சியாளர்களுக்கு முன்பே கோபம் இருந்தது. பவானிப்பூர் வீடு அதற்குச் சாக்கைத் தந்தது.

அதே 1876-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விக்டோரியாவுக்குப் புதிய பட்டம் சூட்ட வழிவகை செய்தது. 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தி அவரை இந்தியப் பேரரசியாக அறிவித்தார். அந்த நேரத்தில் சென்னை மாகாணத்தில், இன்றும் முதியோர் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லும் கொடும்பஞ்சம் பரவிக்கொண்டிருந்தது. 1878 வரை நீடித்த அதில் பல லட்சம் பேர் மடிந்தனர். இளவரசர் ஓராண்டுக்கு முன் கடந்து சென்ற அதே தென்மாவட்டங்களும் அதில் அடங்கும்.

சென்னை மேடைக்கு வந்த பூட்டு

ஆங்கிலேயர் சென்ற பின்னும் சட்டம் செல்லவில்லை. லக்னோவில் இந்திய மக்கள் நாடக மன்றம் 1953-ல் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை நாடகமாக்க முயன்றபோது, அதிகாரிகள் கையிலெடுத்தது இதே 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். ஒரு சிறுவன் தன் பாட்டிக்கு இடுக்கி வாங்கிவரும் கதைக்கும் இளவரசர் எட்வர்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். 1956-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் சட்டப் புத்தகத்திலிருந்து அது நீக்கப்படவில்லை.

தமிழ்நாட்டில் கதை வேறுவிதமாகச் சென்றது. எம்.ஆர்.ராதாவின் பகுத்தறிவு நாடகங்கள் சர்ச்சையைக் கிளப்பிய காலத்தில், 1954-ல் சென்னை மாகாண அரசு தனக்கென ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை இயற்றியது. பழைய சட்டத்தின் சாயல் அதில் தெளிவாகவே இருந்தது. ராதா பலமுறை கைதானார், மேடையை விடவில்லை. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் முன்கூட்டியே அளித்து அனுமதி பெறும் நடைமுறை சென்னை நாடகக் குழுக்களுக்குப் பழகிப்போன ஒன்றாயிற்று. அதை ஏற்க மறுத்தவர் எழுத்தாளரும் 'பரீக்ஷா' நாடகக் குழுவின் நிறுவனருமான ஞாநி. அவர் தொடுத்த வழக்கில், 2013 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது.

1876-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், காலாவதியான சட்டங்களை நீக்கும் சட்டத்தின் வழியாக 2018 ஜனவரியில்தான் ரத்தானது. பவானிப்பூரில் சங்கொலி எழுந்து 142 ஆண்டுகள், சட்டம் பிறந்து 141 ஆண்டுகள். அதே ஜனவரி 15 அன்று ஞாநி காலமானார்.

மன்னர் சொன்ன ஒரு வாக்கியம்

நாடகச் சட்டம் போல் நெடுங்காலம் நீடித்த இன்னொரு விளைவையும் கொல்கத்தா அரச வருகையால் கண்டது. 1911 டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்படும் என்று அறிவித்தார். அதே தர்பாரில் வங்காளப் பிரிவினையும் ரத்தானது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்த அறிவிப்பு. அம்மாத இறுதியில் மன்னரும் ராணி மேரியும் கல்கத்தாவுக்கு வந்தபோது, தலைநகரை இழந்த நகரம் பிரிவினை நீங்கிய மகிழ்ச்சியில் அவர்களை வரவேற்றது. டிசம்பர் 27 அன்று அங்கு காங்கிரஸ் மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்ட 'ஜன கண மன' மன்னரைக் குறித்ததா என்ற வீண் சர்ச்சையும் அந்த நாள்களில் பிறந்ததே. அதில் வரும் விதியின் தலைவன் எந்த ஜார்ஜும் அல்ல என்று ரவீந்திரநாத் தாகூர் பின்னர் திட்டவட்டமாக மறுத்தார்.

விக்டோரியா நினைவகத்தின் கதையும் இந்த இழப்போடு பின்னியது. 1901 ஜனவரியில் ராணி மறைந்தபின் வைஸ்ராய் கர்சன் திட்டமிட்டது அது. மன்னர்களும் ஜமீன்தார்களும் மற்றோரும் அளித்த நன்கொடையால், சுமார் 1 கோடியே 5 லட்சம் ரூபாய் செலவில், தாஜ்மகாலுக்குக் கல் தந்த மக்ரானாவிலிருந்து பளிங்கு தருவித்துக் கட்டப்பட்டது. அப்போது இளவரசராக இருந்த ஐந்தாம் ஜார்ஜ் 1906 ஜனவரி 4 அன்று அடிக்கல் நாட்டினார். தலைநகருக்கென எழுப்பிய கட்டடம் முடிவதற்குள் நகரம் தலைநகராக இல்லாமற்போனது. 1921 டிசம்பர் 28 அன்று அவரது மகன், பின்னாளைய எட்டாம் எட்வர்டு, அதைத் திறந்துவைத்தார். ஒத்துழையாமை இயக்கத்தின் உச்சகாலம் அது. இளவரசர் நகருக்குள் நுழைந்த நாளில் கல்கத்தா கடையடைப்பு நடத்தியது. சித்தரஞ்சன் தாஸ் அதற்கு முன்பே கைதாகியிருந்தார். அடுத்த மாதம் சென்னையிலும் அவரை வரவேற்றது கடையடைப்பும் கலவரமுமே. 1876-ல் ஒரு வீட்டில் ஒலித்த சங்குக்காக நகரமே சண்டையிட்டது. 1921-ல் வீட்டுக் கதவுகளே மூடியிருந்தன.

பகை தணிந்த பின்

ஆட்சி அகன்றபின் ஈர்ப்பு வேறு வடிவம் கொண்டது. அச்சமோ பலனோ இல்லாத வேடிக்கையாக அது மாறியது. 1961 பிப்ரவரியில் இரண்டாம் எலிசபெத் கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்தபோது சாலையோரம் திரண்டவர்கள் யாருடைய குடிமக்களும் அல்லர். கொல்கத்தா குதிரைப் பந்தயத் திடலில் அவர் பெயரிலான கோப்பை அந்த வருகையின் நினைவாகும்.

வாழ்நாள் முழுவதும் இந்த ஈர்ப்பைச் சுமந்தவர் என்று இந்தியாவில் ஒருவரைச் சுட்ட வேண்டுமானால், மும்பை பல்லார்டு எஸ்டேட்டில் 1923 முதல் இயங்கிவரும் பிரிட்டானியா உணவகத்தின் உரிமையாளர் போமன் கோஹினூரைச் சொல்லலாம். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் ராணியைப் பற்றிப் பேசிய அவர், 2016 ஏப்ரலில் வில்லியம், கேத்தரின் தம்பதியைச் சந்தித்தார். 2019 செப்டம்பரில், 97-வது வயதில் காலமானார். அவரது உணவகச் சுவரில் ராணியின் படமும் காந்தியின் படமும் ஒருங்கே இருந்தன. பவானிப்பூர் ஜகதானந்தருக்கு அந்தச் சலுகை வாய்க்கவில்லை; அவர் காலத்தில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தே ஆக வேண்டியிருந்தது.

எனினும் கணக்கு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 1997 அக்டோபர் 14 அன்று ஜாலியன்வாலாபாக்கில் மலர்வளையம் வைத்த எலிசபெத் மன்னிப்புக் கேட்கவில்லை. இரு நாள் கழித்து, அக்டோபர் 16 அன்று, சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழாவில் கலந்துகொண்டார். முதல்வர் கருணாநிதியும் சிவாஜி கணேசனும் உடனிருந்தனர். கம்பெனியின் தளபதியாக இருந்து, பின் அதையும் ஆற்காடு நவாபையும் எதிர்த்ததற்காக 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுஃப் கானின் கதை அது. படம் இன்றுவரை முடியவில்லை.

டெல்லியில் ஐந்தாம் ஜார்ஜின் சிலை 1960-களில் இந்தியா கேட் அருகிலுள்ள கல்மண்டபத்திலிருந்து அகற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் வெறுமையாக இருந்த அந்த மண்டபத்தில் நேதாஜியின் 28 அடி உயரக் கருங்கல் சிலை திறக்கப்பட்ட நாள் 2022 செப்டம்பர் 8. ஜார்ஜின் பேத்தி எலிசபெத் ஸ்காட்லாந்தில் காலமானதும் அதே நாளில்தான்.

கொல்கத்தா மைதானத்தில் நின்ற காலனியச் சிலைகள் பலவும் ஏறத்தாழ அதே 1960-களின் இறுதியில் பாரக்பூருக்கு அனுப்பப்பட்டன. விக்டோரியா மட்டும் தன் மாளிகை முன் இருக்கிறார். உள்ளே ரஷ்ய ஓவியர் வெரெஷ்சாகின் தீட்டிய மிகப்பெரிய ஓவியம் ஒன்று உள்ளது. 1876 பிப்ரவரியில் வேல்ஸ் இளவரசர் ஜெய்ப்பூருக்குள் யானை மீது ஊர்வலமாக வரும் காட்சி அது. பவானிப்பூர் வீட்டுக்குச் சென்ற ஒரு மாதத்துக்குப் பின், கல்கத்தாவில் கஜதானந்தன் மேடையேற இரு வாரங்கள் இருந்தபோது, இளவரசர் அங்கேதான் இருந்தார். காட்சிக்கூடங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.